வெள்ளிக்கிழமை மோளம்

ஷேர் ஆட்டோவிலிருந்து இரண்டு மூட்டைகளையும் இறக்கி வைத்ததும் ஏலவார்குழலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வாசலில் மூட்டைகளைச் சாய்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மூட்டையில் அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் சென்னையில் வாங்கிய இரண்டு ஜெம்பே இருந்தன. உயரமாக, அடியில் ஒடுங்கி, மேலே தோல் கட்டிய மேளம். பிள்ளைகள் வாயில் அது செம்பு ஆகிவிட்டது. இன்னொரு மூட்டையில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய காலி பெயிண்ட் பக்கெட்டுகளும் ஒரு கட்டுக் குச்சிகளும். காஞ்சிபுரத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் கேட்பார், "இன்னா மேடம், இன்னிக்கு எந்த ஊர்ல கச்சேரி?" ஆரம்பத்தில் சிரித்துப் பதில் சொல்வாள். இப்போதெல்லாம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறாள்.

தினம் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, வாயில் வராததைக் கையால் அடித்துக் காட்டச் சொல்வதுதான் அவள் வேலை. கோபம் என்றால் எப்படி அடிப்பாய், பயம் என்றால் எப்படி. பயிற்சி முடித்து வந்த புதிதில் இதை முழுசாக நம்பினாள். இப்போது நம்பவில்லை என்றில்லை. அதையெல்லாம் யோசிக்கத் தெம்பு இல்லை. எல்லா ஊர்ச் சத்தமும் காதிலேயே தங்கிவிட்டது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எரிந்து விழுவாள். கணவன் நந்தகுமார் பட்டுப் புடவைக் கடையில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவன். அவளுக்காக டிவியைச் சத்தமில்லாமல் போட்டு, ஆட்கள் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

இந்த ஊருக்கு அவளை வரவழைத்தது ஒரு சாவு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, கோடையில் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்துபோயின. லீவு நாளில் குளிக்கப் போன ஏழாம் வகுப்பு அரவிந்தன் அப்படியொரு பள்ளத்தில் இறங்கிவிட்டான். கூடப் போன விஜய் மட்டும் கரையேறினான். அதற்கப்புறம் பள்ளிக்கூடமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிரேயரில் நிற்கும்போது ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நன்றாகப் படிக்கிற பையன்கள் பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடந்தார்கள். ரப்பருக்கும் பென்சிலுக்கும் மூக்கு உடைகிற சண்டை. தலைமையாசிரியர் வரதன் கையைப் பிசைந்துகொண்டு, யாரோ சொன்னார்கள் என்று தொண்டு நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

பொங்கலுக்கு முன்னாலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் குழலி வந்துகொண்டிருக்கிறாள். அரவிந்தன் பெயரை இதுவரை ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. "இன்னிக்கி உள்ள எப்டி இருக்குது? வாயால சொல்ல வேணாம், அடிச்சிக் காட்டு" என்று மட்டும் சொல்வாள். ஒருத்தன் தடதடவென்று அடிப்பான். ஒருத்தி பக்கெட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டுவாள். விஜய் முறை வந்தால் ஒரே அடி. அடித்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வான். அரவிந்தனின் தங்கை அம்முலு நான்காவது படிக்கிறாள். அவளிடம் அந்த ஒரு அடிகூட இல்லை. ஜெம்பேயைக் கட்டிப்பிடித்து, தோலின் மேல் கன்னத்தை வைத்து உட்கார்ந்திருப்பாள். விஜய் இருக்கும் பக்கம் திரும்பவேமாட்டாள்.

அன்றைக்கும் வேப்பமரத்தடியில் அப்படித்தான் வட்டம் சுற்றி வந்தது. அம்முலுவைத் தாண்டிப் பக்கத்துப் பையனிடம் போகும்போது, அவன் குச்சியைத் தூக்குவதற்குள் அம்முலு அடித்தாள். உள்ளங்கையை விரித்து ஓங்கி ஓர் அறை. தன் சத்தத்துக்கே திடுக்கிட்டவள், மறுபடி அடித்தாள். அப்புறம் நிறுத்தவில்லை. தாளமும் இல்லை ஒன்றும் இல்லை. கதவைத் திறக்கச் சொல்லி இடிக்கிறவர்கள் போல இரண்டு கையாலும் அடித்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. பக்கெட்டுகள் எல்லாம் இடி இடித்தன. வகுப்பறையிலிருந்து டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். குழலி காது இரைச்சலோடு நடுவில் உட்கார்ந்து, நிறுத்தச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு தாண்டவராயன் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. அரவிந்தனின் அப்பா. முழங்கால் வரைக்கும் சேறு. கழனியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தான்.

"நிறுத்துங்க! அல்லாரும் நிறுத்துங்க!"

சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அம்முலு மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் போய் அவள் கைகளைப் பிடித்தான்.

"எம் புள்ளய எடுத்துக்கினு போனப்ப அடிச்ச மோளம் இன்னும் காத வுட்டுப் போவல. அதுக்குள்ள இஸ்கூல்ல மோளமா? படிக்கத்தான அனுப்பறோம்? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

குழலி எழுந்தாள். "அண்ணா, ஒரு நிமிஷம் உக்காருங்க..."

"நீ ஊர்ல இருந்து மூட்ட கட்டிக்கினு வந்து எங்க புள்ளைங்களுக்கு சாவு மோளம் சொல்லிக் குடுக்கறியா?"

அம்முலுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தோளுக்குப் பின்னால் அவள் கைகள் அவன் முதுகில் அடித்துக்கொண்டே போயின. விஜய் அதைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரதன் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஊர்ல ஏற்கனவே நாலு பேரு பேசறாங்க. நம்ப வூட்டுப் புள்ளைங்க மோளம் அடிக்கறதான்னு கேக்கறாங்க. எந்த அர்த்தத்துல கேக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அத்த நான் சமாளிச்சிடுவேன். ஆனா அவரு புள்ளயக் குடுத்தவரு. அவர எதுத்து எப்டி? கொஞ்ச நாளு வேற எதுனா பண்ணுங்களேன். டிராயிங் மாதிரி?"

சரி சார் என்றாள் குழலி. வாதாடியிருக்கலாம். ஆனால் டிராயிங் என்றதும் அவளுக்கு முதலில் தோன்றியது, மூட்டை தூக்க வேண்டாம் என்பதுதான். அன்றைக்குப் பஸ்ஸில் காஞ்சிபுரம் எல்லையில் ஓரிக்கை வரும்வரை அதை நினைத்துத் தன்னையே நொந்துகொண்டு வந்தாள். ஆனாலும் அடுத்த வாரம் ஒரு பையில் கிரேயான் டப்பாக்களை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தோள் லேசாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் சமத்தாக உட்கார்ந்து வரைந்தார்கள். எல்லார் தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னைமரம். இந்த ஊரில் மலையும் கிடையாது, குடிசைகளும் போய் எல்லாம் மாடி வீடு. யாரும் எதையும் பார்த்து வரையவில்லை. விஜய் கறுப்புக் கிரேயானைத் தேய்த்துத் தேய்த்துத் துண்டாக்கினான். அம்முலு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

அன்று அவள் கிளம்பும் நேரத்தில் கேட்டருகே ஒரு பெண் காத்திருந்தாள். நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள்.

"மிஸ்ஸு, நான் அம்முலு அம்மா. கல்பனா."

குழலி பையைக் கீழே வைத்தாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள்.

"அன்னைலேருந்து அடிச்சிக்கினே கீறா மிஸ். தட்டு, குண்டான், கேஸ் சிலிண்டரு, கட்லு, எது கெடச்சாலும். ஒரு நாளு அவரு கையி ஓங்கிட்டாரு. அடிச்சிட்டு அவரே போயி அழுவறாரு. இப்ப வூட்டுக்கே சரியா வர்றது இல்ல. மோட்டார் கொட்டாயிலயே படுத்துக்கினு கீறாரு."

"மன்னிச்சிடுங்கம்மா. என்னாலதான்..."

"அய்யோ, நான் அதுக்கு வரல." கல்பனா துண்டின் நுனியை விரலில் சுற்றினாள். "நேத்து நானும் ஒரு அண்டாவ எடுத்து கவுத்துக்கினு அவ எதிர்ல ஒக்காந்தேன். ரெண்டு பேரும் அடிச்சோம் மிஸ். கையி மரத்துப் போற வரிக்கும். பக்கத்து வூட்டுக்காரி வந்து பாத்துட்டு, பைத்தியம் புட்ச்சிட்ச்சின்னு போய்ட்டா. அப்பறம் அவ எம் மடியில படுத்துத் தூங்கினா. அவ அண்ணன் போனதுலேருந்து எங்கிட்ட வந்து படுக்கவேயில்ல." கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியைப் பார்த்தாள். "இஸ்கூல்லயே அடிக்க வுட்டுடுங்க. வூட்ல அடிச்சா அவரு செத்துடுவாரு. நீங்க ஒரு வார்த்த அவராண்ட பேசுங்களேன்."

குழலிக்குக் கால் வலித்தது. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், கல்பனாவின் கையைப் பார்த்தாள். உள்ளங்கை ஓரமெல்லாம் கன்றிப்போயிருந்தது. கழனிக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டாள்.

வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அறுப்புக்கு நிற்கும் நெல்லுக்கு நடுவில் மோட்டார் கொட்டகை. தாண்டவராயன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, தோள் துண்டை எடுத்துச் சிமெண்டுக் கட்டையைத் தட்டிவிட்டான்.

"உக்காருங்க டீச்சர். அன்னிக்கு ஒருமைல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அத விடுங்கண்ணா."

அவள் உட்கார்ந்தாள். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் நடந்த நடையில் கரைந்துபோயிருந்தது. காலிலிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்தாள். அவளுக்கு அங்கே உட்கார்ந்திருப்பதே போதுமாக இருந்தது. அவன்தான் ஆரம்பித்தான்.

"எனக்கு மோளத்து மேல கோவம் இல்ல. சத்தமே ஆவல டீச்சர். மோட்டார் போட்டாக்கூட நெஞ்சு அடிச்சிக்குது." தூரத்து ஏரிக்கரையைக் கையால் காட்டினான். "அன்னிக்கு நான் இதே கயனிலதான் மருந்து அடிச்சிக்கினு இருந்தேன். முதுவுல மிஷினு. காதாண்டயே இன்ஜின் ஓடிக்கினு கீது. அந்தப் பையன் விஜய், கரையிலேருந்து ஓடியாந்து, மருந்துப் பொகைல கிட்ட வர முடியாம, எம் பின்னாடி வரப்புல நின்னு கத்திக்கினு இருந்துகிறான். எனக்குக் கேக்கல. பெட்ரோல் தீந்து மிஷினு நின்ன அப்பறம்தான் திரும்பினேன். எம்மாம் நேரம் நின்னானோ. தொண்டையே போய்ட்ச்சி அவனுக்கு. காத்துதான் வந்துச்சி."

குழலி தூரத்து ஏரிக்கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்த வூட்ல கூட சொல்லல. எப்டி சொல்றது?"

"விஜய்கிட்ட அப்புறம் பேசினீங்களா?"

"அவன் மூஞ்சில எப்டி முயிக்கறது? தெருவுல அவன் வந்தா நான் அந்தாண்ட பூந்து போய்டறேன்."

வாய்க்காலில் இறங்கியிருந்த கொக்குகள் பறந்து வேறு பக்கம் உட்கார்ந்தன. அவன் திடீரென்று கேட்டான், "எங்க அம்முலு அடிக்கறா இல்ல, அதுல இன்னா சொல்றான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"தெரியாமயா இம்மாம் தூரம் மூட்ட தூக்கிக்கினு வர்றீங்க?"

"யாரோ ஒருத்தர் எதிர்ல இருந்தா பிள்ளைங்க அடிக்குங்க. இல்லன்னா உள்ளயே வச்சிக்கும். அதுக்குத்தான் வர்றேன்."

அவன் நம்பினானோ இல்லையோ, தலையாட்டினான். அவள் எழுந்து வரப்பில் பாதி தூரம் போனபின் பின்னாலிருந்து குரல் வந்தது. "வெள்ளிக்கியம நான் பெருநகர் போய்டறேன். எந் தங்கச்சி வூடு கீது. அடிச்சிக்கட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி மூட்டைகள். தாண்டவராயன் சம்மதித்ததை வரதன் சாரிடம் போனில் சொல்லியிருந்தாள். அவர் வேப்பமரத்தடியைப் பெருக்கி வைக்கச் சொல்லியிருந்தார். அம்முலு வந்திருந்தாள். எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. ஜெம்பேயை இழுத்துக்கொண்டு போய் நேராக விஜய் எதிரில் உட்கார்ந்தாள்.

குழலி கேள்வியைக் கேட்கும் முன்பே அடிக்கத் தொடங்கினாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். விஜய் கைகளைத் தொடைக்கடியில் செருகினான். அவள் இன்னும் பலமாக அடித்தாள். மற்றவர்கள் குச்சியைத் தொடவில்லை. விஜய் ஒரு கையை உருவி, குச்சியை எடுத்துப் பக்கெட்டில் ஓர் அடி அடித்தான். நிறுத்தினான். அவள் நிறுத்தவில்லை. அவன் இன்னோர் அடி, இன்னொன்று என்று ஆரம்பித்து, அவளைவிடப் பலமாக, குச்சி முறியும் வரைக்கும் அடித்தான். முறிந்த துண்டு பறந்துபோய் மரத்தில் பட்டது.

அம்முலு எழுந்து பக்கத்திலிருந்த பக்கெட்டை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

"எங்க அண்ணன வுட்டுட்டு ஏன்டா ஓட்ன?"

ஒரு டீச்சர் ஓடிவந்தார். குழலி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். நிறுத்தியது சரிதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"நான் ஓடல!" விஜய் கத்தினான். "உங்க நைனாவ கூப்டத்தான் போனேன். அவரு பின்னாடியே நின்னு கத்துனேன். கத்திக்கினே இருந்தேன். அவரு திரும்பவே இல்ல. நான் கூப்டா இன்னாத்துக்குத் திரும்பணும்னு வுட்டுட்டாரு. இப்பவும் என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு."

இத்தனை மாதமாக அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது குழலிக்கு அப்போதுதான் விளங்கியது. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்பது தாண்டவராயன் அவளிடம் மட்டும் சொன்ன விஷயம். இன்னொருவர் சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவள் வேலையில் முதல் பாடம். யோசித்து, அவரிடம் கேட்டு, அப்புறம் சொல்லலாம். ஆனால் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க அவளால் முடியவில்லை.

அவன் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "அவருக்குக் கேக்கல விஜய். முதுகுல மருந்து மிஷின் ஓடிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தத்துல உன் குரல் கேக்கல. அவரே எங்கிட்ட சொன்னாரு."

"கேக்கலயா?"

"கேக்கல."

"நெஜமாவா மிஸ்? கேக்கவே இல்லியா?"

திரும்பத் திரும்ப அதையே கேட்டான். அவளும் சலிக்காமல் அதையே சொன்னாள். அப்புறம் அவன் கவிழ்த்த பக்கெட்டின் மேல் தலையை வைத்து, முதுகு குலுங்க அழுதான். இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பெண், "அரவிந்தன் எனக்கு ஒரு ஸ்கேல் தரணும்" என்றாள். யாரோ சிரித்தார்கள், சிரித்துவிட்டு அவர்களும் அழுதார்கள். அம்முலு தான் எறிந்த பக்கெட்டைப் போய் எடுத்து வந்து வட்டத்தில் வைத்தாள். மறுபடி விஜய் எதிரிலேயே போய் உட்கார்ந்தாள். 

சாயங்காலம் மகளைக் கூப்பிட வந்த கல்பனாவிடம் குழலி சொன்னாள், "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. மிஷின் விஷயத்த நான் விஜய்கிட்ட சொல்லிட்டேன்னு. கேக்காம சொன்னது தப்பு."

"எந்த மிஷினு?" என்றாள் கல்பனா.

அப்போதுதான் குழலிக்கு உறைத்தது. வீட்டில்கூட சொல்லவில்லை என்று அவன் சொன்னதை அவள் மறந்தே போயிருந்தாள். களைப்பில் வாய் தவறிவிட்டது. இனி மூடி மறைக்க முடியாது. இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

கல்பனா, "அதான் அந்த மிஷினத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டாரா" என்று மெல்லச் சொன்னாள். "நான் வேற, அவருக்குப் புள்ள மேல பாசமே இல்லன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரலியே அன்னிக்குன்னு." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கழனிப் பக்கம் நடந்தாள்.

அந்த வாரம் முழுக்கக் குழலி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நந்தகுமார் கேட்டதற்கு, "வாய வச்சிட்டு சும்மா இருக்கல நான்" என்று மட்டும் சொன்னாள். வேறு ஊர்களில் பிள்ளைகள் அடித்தார்கள், அவள் உட்கார்ந்து கேட்டாள். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு தரம் யோசித்தாள். விட்டுவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கச் சோம்பலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மூட்டைகளோடு இறங்கும்போது, பள்ளிக்கூட வாசலில் டிவிஎஸ் வண்டியில் தாண்டவராயன் நின்றிருந்தான். முன்னால், மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய அம்முலு. பின் சீட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு விஜய். பிள்ளைகள் இறங்கி உள்ளே போனார்கள், சேர்ந்து போகவில்லை, ஒருவர் பின்னால் ஒருவராக.

"சொல்லிட்டீங்களே டீச்சர்" என்றான்.

"சொல்லிட்டேண்ணா. தப்புதான்."

அவன் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "செவ்வாக்கியம விஜய் எங்க வூட்டாண்ட வந்தான். வாசல்லயே நின்னுக்கினு இருந்தான். நானும் நின்னேன். இன்னா பேசறது? அம்முலு அம்மாதான் உள்ள கூப்ட்டு சோறு போட்டா. துண்ணான். துண்ணுட்டு, மாமா நான் போறேன்னான். அவ்ளோதான்." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். "அவ இன்னும் எங்கிட்ட சரியாப் பேசறது இல்ல. மோட்டார் கொட்டாய்க்கு சோறு எடுத்துக்கினு வந்து வெச்சிட்டு, பக்கத்துலயே ஒக்காந்துக்கினு கீறா."

"இன்னிக்கி பெருநகர் போகலியா?"

"போவல." வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் புளியமரத்துக்குப் போனான். "இங்கயே நிக்கறேன். எம்மாம் நேரம் தாங்குதோ பாக்கறேன். ஆவலன்னா போய்டுவேன்."

குழலி ஒரு மூட்டையைத் தூக்கினாள். இன்னொன்றைத் தூக்கக் குனியும்போது இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்; யாராவது வந்து எடுக்கட்டும். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் ஏற்கனவே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரு மொதல்ல?" என்று கேட்டாள்.